மலையகத்துப் படத்தை ஏஐ-யிடம் கேட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் உள்ள ஹட்டனில் வார இறுதிக் கணினி வகுப்பு நடத்துகிறேன். படம் உருவாக்கும் ஏஐ கருவிகளைப் பாடத்தில் சேர்த்த நாளிலிருந்து மாணவர்களும், திருவிழா நோட்டீஸ் அடிக்க வருபவர்களும், தங்குமிடம் நடத்தும் நண்பர்களும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாக வாசிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

சேர், பிராம்ப்ட் என்றால் என்ன? அதைக் கதை மாதிரி எழுதுவதா, சொல் சொல்லாக அடுக்குவதா?

என்ன படம் வேண்டும் என்று கருவிக்கு எழுதிக் கொடுப்பதுதான் பிராம்ப்ட். இனி அதை 'வரி' என்றே சொல்கிறேன். இந்தக் கருவிகள் கோடிக்கணக்கான படங்களையும், அவற்றோடு இணையத்தில் கிடந்த குறிப்புகளையும் சேர்த்துப் பயின்றவை. அவற்றில் பல, வெறும் புள்ளி இரைச்சலில் தொடங்கி, உங்கள் வரிக்குப் பொருந்தும் வகையில் அதைப் படிப்படியாகத் துலக்கிப் படமாக்குகின்றன. ஆகவே, எடுத்து முடித்த ஒரு படத்தின் கீழே எழுதக்கூடிய குறிப்பு மாதிரி உங்கள் வரி இருக்கட்டும். "எங்கள் தோட்டத்தின் பெருமையைக் காட்டும் படம்" என்பதில் கண்ணுக்குத் தெரிய எதுவும் இல்லை. "மழை விட்ட காலை, தேயிலை மலையின் நடுவே வளைந்து போகும் மண் பாதை, பாதையில் வெள்ளைச் சீருடையில் இரண்டு சிறுமிகள்" என்பதில் எல்லாமே கண்ணுக்குத் தெரிகிறது.

கதையா அடுக்கா என்பது கருவியைப் பொறுத்தது. 2022 ஆகஸ்ட்டில் வெளியான ஸ்டேபிள் டிஃபியூஷனின் ஆரம்பப் பதிப்புகளுக்குக் காற்புள்ளி இட்டு அடுக்கிய சொற்றொடர்கள் போதும். 2023இல் வந்த டால்-ஈ 3க்கும் அதற்குப் பின் வந்த பல கருவிகளுக்கும் முழு வாக்கியமே நல்லது. யார் எங்கே நிற்கிறார், எது எதன் மேல் இருக்கிறது என்பதெல்லாம் வாக்கியத்தில்தான் தெளிவாகும்.

தமிழில் எழுதினால் அதற்குப் புரியுமா?

சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றுக்குள் இருக்கும் பட வசதிக்குத் தமிழில் தாராளமாக எழுதலாம். அங்கே ஒரு மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல், அதாவது எழுத்தை வாசித்து எழுதும் ஏஐ) முதலில் உங்கள் வரியை வாசித்துப் புரிந்துகொள்கிறது.

ஸ்டேபிள் டிஃபியூஷனின் ஆரம்பப் பதிப்புகளில் நிலைமை வேறு. அவை வரியை வாசிக்கப் பயன்படுத்தும் கிளிப் என்ற பகுதி பெரும்பாலும் ஆங்கிலக் குறிப்புகளில் பயின்றது. அது வரியைச் சிறு துண்டுகளாக (டோக்கன்) உடைத்து, ஒரு நேரத்தில் 77 துண்டுகளைத்தான் வாங்கும். தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் போக, நமக்கு மிஞ்சுவது 75. பொதுவான ஓர் ஆங்கிலச் சொல் ஒரே துண்டாக நிற்கும். தமிழ்ச் சொல்லோ எழுத்துக்கு எழுத்து உடைந்து, சில சொற்களிலேயே அந்த இடத்தைத் தின்றுவிடும். அத்தகைய கருவிக்கு, மனதில் தமிழில் காட்சியை முழுமையாக அமைத்துக்கொண்டு, பிறகு எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். இலக்கணப் பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பொருள்களின் பெயர்கள் சரியாக இருந்தால் போதும்.

ஒரே வரியைத் திரும்பக் கொடுத்தாலும் வேறு வேறு படம்தானே வருகிறது. இதில் எதைச் சோதித்துப் பார்ப்பது?

ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் இருக்கும் இரைச்சல் மாறுகிறது. அதைத் தீர்மானிக்கும் எண்ணுக்கு சீட் என்று பெயர். ஸ்டேபிள் டிஃபியூஷனிலும் மிட்ஜர்னியிலும் அந்த எண்ணை நீங்களே கொடுத்து நிறுத்தி வைக்கலாம். எண் நிலையாக இருக்கும்போது வரியில் ஒரு சொல்லை மாற்றினால், படத்தில் தெரியும் மாற்றம் அந்தச் சொல்லால் வந்தது என்று நம்பலாம்.

சீட் எண்ணைத் தொட முடியாத கருவியில் ஒற்றைப் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பழைய வரிக்கு நான்கு படங்கள், மாற்றிய வரிக்கு நான்கு படங்கள் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நான்கிலும் மாறியிருந்தால் அது சொல்லின் வேலை. ஒன்றில் மட்டும் மாறியிருந்தால் தற்செயல். எந்தக் கருவியானாலும் ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் என்பதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் பெரும்பாலும் சலிப்பில் வரி முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறார்கள். அதோடு அதுவரை கற்றதும் அழிந்துபோகிறது. ஒரு கொப்பியில் பழைய வரி, மாற்றிய சொல், நடந்தது என்ன என்று மூன்றையும் எழுதி வையுங்கள்.

"மிக அழகான", "அற்புதமான", "8கே" எல்லாம் சேர்த்தேன். படம் பளபளப்பாக வருகிறது, ஆனால் ஏதோ பொய் மாதிரி இருக்கிறது. ஏன்?

அந்தச் சொற்கள் இணையத்தில் எந்தப் படங்களின் கீழே கிடந்தனவோ அந்தப் படங்களின் பளபளப்பை இழுத்து வருகின்றன. விளம்பரப் படங்களும் கணினி விளையாட்டு ஓவியங்களும்தான் 'அற்புதம்' என்ற குறிப்போடு அதிகம் கிடக்கின்றன. உங்கள் கண் பார்த்த அழகு எதனால் வந்தது என்று யோசித்து, அந்தக் காரணத்தை எழுதுங்கள். நேரம், வெளிச்சம், காலநிலை, தூரம் ஆகிய நான்கும் எந்தப் பாராட்டுச் சொல்லையும் விட அதிக வேலை செய்யும்.

நம் ஊருக்கு ஏற்ற பயிற்சி மூடுபனி. "பனி மூடிய மலை" என்று எழுதினால் வெண்பனி உறைந்த ஐரோப்பியச் சிகரம்கூட வந்துவிடும். நமக்குத் தெரிந்த பனி பல விதம். விடியற்காலையில் பள்ளத்தாக்கில் வெள்ளையாகத் தேங்கி, மேலே மலைமுகடுகள் மட்டும் தெரிவது ஒன்று. பிற்பகலில் கீழிருந்து ஏறி வந்து பத்தடிக்கு அப்பால் எல்லாவற்றையும் மறைப்பது இன்னொன்று. தூறலோடு கலந்து மரங்களைச் சாம்பல் நிழல்களாக்குவது வேறொன்று. "பத்தடி தூரத்துத் தேயிலைச் செடிகள் தெளிவாக, அதற்கு அப்பால் உள்ள மரங்கள் வெளிர் சாம்பல் நிழல்களாக, வானம் தெரியாமல்" என்று எழுதிப் பாருங்கள். 'பனி' என்ற சொல்லே இல்லாமல் பனி வரும். வகுப்பில் நான் முதலில் கொடுக்கும் வேலை இதுதான், ஏனென்றால் ஜன்னலுக்கு வெளியே பார்த்தே படத்தைச் சரிபார்த்துவிடலாம்.

தேயிலைத் தோட்டம் என்று கேட்டால் ஏன் நம் தோட்டம் வருவதில்லை, சேர்? சீனத் தொப்பி போட்டவர்கள் வருகிறார்கள்.

இந்தக் கேள்விக்காகவே இந்தத் தொகுப்பை எழுதினேன் என்று சொல்லலாம். ஸ்டேபிள் டிஃபியூஷன் பயின்ற படங்கள் எடுக்கப்பட்ட லாயன்-5பி என்ற திரட்டில் சுமார் 585 கோடி படம்-குறிப்பு இணைகள் இருந்தன. அவற்றில் 230 கோடிக்கு மேல் ஆங்கிலக் குறிப்புகள். தேயிலை பற்றி இணையத்தில் ஆங்கிலக் குறிப்போடு கிடப்பவற்றில் பெரும்பகுதி விளம்பரதாரர்களும் சுற்றுலாப் பயணிகளும் போட்டவை. கூம்புத் தொப்பி சீனாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும், அகன்ற மூங்கில் தொப்பி அசாமிலிருந்தும் வருகின்றன. இலங்கை என்று வந்தாலும், புகைப்படக்காரருக்காகச் சிரித்தபடி பட்டுச்சேலையில் நிற்கும் பெண்ணே வருகிறாள். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை வேரூன்றிய காலம் முதல் அதைச் சுமக்கும் மக்கள் தங்கள் படங்களைக் குறிப்பெழுதி இணையத்தில் போட்டது மிகக் குறைவு. அந்தக் குறை கருவியில் அப்படியே தெரிகிறது.

நமக்கு இருக்கும் வழி, பெயரைச் சொல்லாமல் உருவத்தைச் சொல்வது. செடியில் தொடங்குங்கள்: இடுப்பளவு உயரம், மேற்பரப்பு மட்டமாகக் கத்தரித்தது போல, தூருக்குத் தூர் நெருக்கம், இடையிடையே உயர்ந்த நிழல் மரங்கள். பிறகு ஆள்: முதுகில் கூடை, கூடையின் கயிறு தலையில் மாட்டியிருக்கிறது, கயிற்றுக்குக் கீழே மடித்த துணி, இடுப்பைச் சுற்றிக் கட்டிய படங்கு என்ற தடித்த துணி, இரண்டு கைகளும் செடியின் மேல். கொழுந்து தெரிய வேண்டுமானால் இரண்டு இலையும் ஒரு குருத்தும் என்று எழுதுங்கள். கண் எங்கே பார்க்கிறது என்பதையும் எழுதுங்கள். "செடியைப் பார்க்கிறார், கமராவைப் பார்க்கவில்லை" என்பதில் பின்பாதியை விட்டுவிடுங்கள். காரணத்தைப் பின்னால் வரும் 'தொப்பி வேண்டாம்' என்ற கேள்வியில் சொல்கிறேன்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்கும் இதே முறைதான். லயம், காம்பரா (அறை), இஸ்தோப்பு (முன் திண்ணை) என்ற சொற்கள் கருவிக்குப் பிடிபடாது. "தாழ்வான நீண்ட கட்டடம், ஒரே தகரக் கூரை, வரிசையாகப் பல கதவுகள், ஒவ்வொரு கதவுக்கும் முன்னே குறுகிய திண்ணை, திண்ணையில் அடுக்கிய விறகு, முற்றத்தில் துணி காயும் கொடி" என்று எழுதினால் அடையாளம் தெரியும் அளவுக்கு வரும். ஒவ்வொரு விவரத்தையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது சேர்ந்ததும் படம் நம் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். லயத்தைப் பொறுத்தவரை வரிசைக் கதவுகளுக்குத்தான் அதிக பலம் இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

இலங்கை, நுவரெலியா, எல்ல என்று ஊர்ப் பெயரைப் போட்டால் போதாதா?

ஊர்ப் பெயர் அந்த ஊரின் அஞ்சலட்டையைக் கொண்டுவரும். எல்ல என்றால் 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலமும் அதில் ஒரு ரயிலும். நுவரெலியா என்றால் சிவப்புச் செங்கல் தபாலகத்தின் சாயலில் ஏதாவது ஒரு வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை போன்ற பெயர்களுக்கு அந்த இழுப்பு குறைவு. பெயர் மட்டும், விவரிப்பு மட்டும், இரண்டும் சேர்ந்து என்று மூன்று வகையாகக் கொடுத்து ஒப்பிடுங்கள். பெரும்பாலும் 'இலங்கை' என்ற ஒரு சொல்லோடு முன் பதிலில் சொன்ன விவரிப்பு சேரும்போதுதான் நல்ல பலன் கிடைக்கும். முகச்சாயலுக்கும் மரங்களுக்கும் நாட்டின் பெயர் உதவுகிறது. ஊரின் பெயரோ காட்சியையே தன் கையில் எடுத்துக்கொள்கிறது.

பாலத்தை வரைய வைத்தால் வளைவுகளை எண்ணிப் பாருங்கள். ஏழும் வரும், பதினொன்றும் வரும். எண்ணிக்கை இந்தக் கருவிகளுக்கு இன்னும் பலவீனமான இடம். நான்கு பேருக்கு மேல் ஆட்கள் வேண்டுமென்றால் "சிறு கூட்டம்" என்று எழுதிவிடுவது உத்தமம்.

"தொப்பி வேண்டாம்" என்று எழுதினேன். முன்பை விட அதிகம் தொப்பி வந்தது. இது என்ன நியாயம்?

படத்தின் கீழே குறிப்பு எழுதுபவர்கள் அதில் இருப்பதைத்தான் எழுதுவார்கள். 'தொப்பி' என்ற சொல் இருந்த இடத்தில் தொப்பியும் இருந்திருக்கும். ஆகவே பல கருவிகளில் அந்தச் சொல்லின் இழுப்பு, பக்கத்தில் நிற்கும் 'வேண்டாம்' என்பதை விட வலுவானது. புதிய கருவிகள் இதில் தேறியிருக்கின்றன, ஆனாலும் முழுமையாக நம்ப முடியாது.

வேண்டாததன் இடத்தில் வேண்டியதை வையுங்கள். "தலையில் மடித்த வெள்ளைத் துணி" என்றால் தொப்பிக்கு இடமே இல்லை. "கமராவைப் பார்க்கவில்லை" என்பதற்குப் பதில் "கண்கள் கைகளின் மேல்". ஸ்டேபிள் டிஃபியூஷனில் வேண்டாதவற்றை எழுதத் தனிப் பெட்டி இருக்கிறது. மிட்ஜர்னியில் வரியின் கடைசியில் இரண்டு கோடுகளும் 'நோ' என்ற ஆங்கிலச் சொல்லும் (--no) இட்டு, வேண்டாததை எழுதலாம். அங்கே எழுதினால் கருவி அதை விலக்கக் கணக்கிடும்.

வரி நீளமாக இருந்தால் நல்லது என்கிறார்கள். நான் ஒரு பக்கம் எழுதினேன், பாதி விஷயம் படத்தில் இல்லை.

கிளிப் வழியாக வாசிக்கும் கருவி 75 துண்டுகளுக்குப் பிறகு வருவதை வெட்டிவிடும், அல்லது தனிப் பகுதியாக நறுக்கிக்கொள்ளும். நீளமாக வாங்கும் கருவியிலும் விவரங்கள் ஒன்றோடொன்று இடத்துக்குப் போட்டியிடும். முக்கியமானதை முதலில் எழுதுங்கள்.

இன்னொரு சிக்கல், நிறம் ஒழுகுவது. "சிவப்புச் சேலை, நீல வாளி, பச்சைக் கதவு" என்றால் கதவு சிவப்பாகவும் சேலை நீலமாகவும் வரக்கூடும். ஒரு படத்துக்கு ஒரு நிறத்தை மட்டும் பெயர் சொல்லிக் கேளுங்கள். மற்றவற்றை அந்த இடத்தை மட்டும் தேர்ந்து திருத்தும் வசதியில் பிறகு மாற்றலாம்.

நான் எழுதியதைக் கருவியே மாற்றி எழுதுகிறதாமே? அப்படியென்றால் என் சொல்லுக்கு என்ன மதிப்பு?

உண்மைதான். சாட்ஜிபிடி வழியாக டால்-ஈ 3 வேலை செய்தபோது, உங்கள் சிறிய வரியை மொழி மாதிரி விரித்து எழுதித்தான் படப் பகுதிக்கு அனுப்பியது. "தோட்டத்துப் பெண்" என்று மட்டும் கொடுத்தால் புன்னகையையும் பொன்னிற மாலை வெயிலையும் அது தானாகச் சேர்த்துவிடும். நீங்கள் சொல்லாமல் விட்ட இடங்களைத்தான் அது நிரப்புகிறது. எனவே வயது, முகபாவம், வெளிச்சம் ஆகியவற்றை நீங்களே சொல்லிவிட்டால் தலையீடு குறையும். "நான் எழுதியதை மாற்றாமல் அப்படியே பயன்படுத்து, அனுப்பிய வரியையும் காட்டு" என்று கேளுங்கள். அது காட்டும் வரியை வாசித்தாலே தேவையற்ற சேர்க்கைகள் எவை என்று பிடிபடும்.

என் அம்மா மாதிரி ஒரு பெண் வேண்டும். எத்தனை முறை கேட்டாலும் நடிகை மாதிரிதான் வருகிறது.

முகத்துக்குக் கருவி வைத்திருக்கும் வழக்கமான அச்சு, இளமை, வெளிர் நிறம், ஒப்பனை. அதைக் குலைக்க வயதை எண்ணாகக் கொடுங்கள்: "55 வயது". பிறகு காலம் உடலில் விட்ட அடையாளங்கள்: வெயிலில் கறுத்த தோல், கண்ணோரச் சுருக்கம், நரை கலந்து இறுக்கிக் கட்டிய கொண்டை, தேயிலைக் கறை படிந்த விரல் நுனிகள், மழையில் வெளுத்த நூல் சேலை. 'ஏழை', 'பாவப்பட்ட' என்ற சொற்களைச் சேர்க்காதீர்கள். கந்தலும் கண்ணீரும் வந்துவிடும். நம் தாய்மார் அப்படி நிற்பவர்கள் இல்லை. "நிமிர்ந்து நிற்கிறார், வாய் மூடிய அமைதியான முகம்" என்பது போல நிற்கும் தோரணையைச் சொல்லும் சொற்கள் கௌரவத்தைக் கொண்டுவருகின்றன.

தம்பி, எங்கள் தோட்டத்துக் காமன் கூத்துக்கு ஒரு படம் வேண்டும். என்ன எழுதினாலும் வேறெதுவோ வருகிறது.

ஐயா, இது உண்மையிலேயே கடினம். மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடும் இந்தக் கூத்தின் படங்கள் இணையத்தில் மிகக் குறைவு. 'கூத்து' என்றால் கேரளத்துக் கதகளி ஒப்பனையோ, மேடை நாட்டியமோதான் வரும். மேலே சொன்ன விவரிப்பு முறை இங்கே ஓரளவுக்கே உதவும். இரவு, திறந்த முற்றம், சுற்றிலும் தரையில் அமர்ந்த மக்கள், நடுவில் ரதியும் மன்மதனுமாக வேடமிட்ட இருவர், ஓரத்தில் தப்பு அடிப்பவர்கள் என்று காட்சியின் சட்டகத்தை அமைக்கலாம். கிரீடமும் வேடத்தின் நிறமும் பிழையாகவே வரும்.

இந்த இடத்தில் சொல்லை விட்டுவிட்டுப் படத்தைக் கையில் எடுங்கள். சென்ற ஆண்டுக் கூத்தில் எடுத்த புகைப்படம் ஒன்றை, அதில் இருப்பவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டு, மாதிரிப் படமாக ஏற்றி, "இதே ஆட்கள், இதே உடை, நீர்வண்ண ஓவியமாக" என்று கேளுங்கள். உருவம் உங்கள் படத்திலிருந்தும் பாணி கருவியிலிருந்தும் வரும். வந்ததைக் கூத்தாடும் பெரியவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் பிழை என்று சொல்வதை அச்சிடாதீர்கள்.

திருவிழா நோட்டீஸில் தமிழ் எழுத்து கோணலாக வருகிறதே?

எழுத்தைக் கருவியிடம் கேட்காதீர்கள். சில புதிய கருவிகள் ஆங்கில எழுத்தை நன்றாக எழுதுகின்றன. தமிழில் கொம்பும் காலும் இன்னும் அடிக்கடி தவறும். "மேல் மூன்றில் ஒரு பகுதி வெறுமையான வானம்" என்று கேட்டுப் படத்தை எடுத்து, அந்த வெற்றிடத்தில் வடிவமைப்புச் செயலியில் யூனிகோட் எழுத்தால் நீங்களே எழுதுங்கள்.

ஓர் ஓவியரின் பெயரைப் போட்டு, அவர் பாணியில் கேட்கலாமா?

வாழும் ஓவியரின் பெயரைப் போட வேண்டாம். டால்-ஈ 3 அத்தகைய வேண்டுகோளை மறுக்கும்படியே அமைக்கப்பட்டது. அவருடைய பிழைப்போடு தொடர்புடைய விஷயம் இது. அந்தப் பாணியில் உங்களுக்குப் பிடித்தது எது என்று பாருங்கள்: தடித்த கரிக்கோடா, மரச்செதுக்கு அச்சா, ஈரத்தாளில் பரவிய நீர்வண்ணமா? அதை எழுதினால் பெயரைப் போட்டதை விடக் கட்டுப்பாடு உங்கள் கையில் இருக்கும்.

மண்சரிவு பற்றி விழிப்புணர்வுப் பதிவு போடுகிறோம். ஏஐ படம் வைக்கலாமா?

புகைப்படம் போன்ற படத்தை வைக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நினைவில் வைத்திருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அத்தகைய படம் மழை நாளில் கைக்குக் கை பரவினால், எந்தத் தோட்டம் என்று கேட்டு உறவினர்கள் பதறுவார்கள். படத்துக்குள் 'ஏஐ உருவாக்கியது' என்ற தகவலைச் சில கருவிகள் பதிக்கின்றன, ஆனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலே அது போய்விடக்கூடும். கோட்டோவியமாகக் கேளுங்கள், படத்தின் மேலேயே 'ஏஐ ஓவியம்' என்று எழுதுங்கள். சரிவின் அறிகுறிகளான நிலவெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று ஆகியவற்றைக் காட்ட கோட்டோவியமே தெளிவானது.

டேட்டாவும் இல்லை, காசு கட்டவும் முடியாது. எப்படிப் பழகுவது?

வரியை எழுதிப் பழக இணையம் தேவையில்லை. இருவராக உட்காருங்கள். ஒருவர் ஒரு புகைப்படத்தைப் பார்த்து வரி எழுதட்டும். மற்றவர் படத்தைப் பார்க்காமல், வரியை மட்டும் வாசித்துப் பென்சிலால் வரையட்டும். இரண்டையும் ஒப்பிட்டால் விட்டுப்போன விவரம் எது என்று உடனே தெரியும். கொப்பியில் இப்படித் தேறிய வரிகளை மட்டும் வாரத்தில் ஒரு நாள், இலவச வரம்புக்குள் ஓட்டிப் பாருங்கள்.

எவ்வளவு மாற்றியும் சரியாக வராவிட்டால் எப்போது விடுவது?

மூன்றையும் செய்துவிட்டீர்களா என்று பாருங்கள்: பெயருக்குப் பதில் உருவத்தை எழுதியது, ஒரு தடவைக்கு ஒன்றாக மாற்றியது, மாதிரிப் படம் கொடுத்தது. மூன்றுக்கும் பிறகும் கொழுந்து நிறுக்கும் உங்கள் மடுவமோ லயமோ வரவில்லையென்றால், அது அந்தக் கருவிக்குத் தெரியாது. போய் நீங்களே புகைப்படம் எடுங்கள். அதன் கீழே இடம், ஆண்டு, படத்தில் இருப்பவை எல்லாவற்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் முழுக் குறிப்பாக எழுதி வையுங்கள். பொதுவில் போடுவதானால் படத்தில் இருப்பவர்களின் சம்மதத்தைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.